துளை போடாத சுவர்

"சுவத்துல ஒரு தொளகூடப் போடக் கூடாது" என்று தங்கச்செல்வி சொன்னபோது, அருஞ்சுனை டிரில்லை ப்ளக்கில் சொருகி, பென்சிலால் குறித்த இடத்தில் அதன் மூக்கை வைத்து, பட்டனில் விரலையும் வைத்துவிட்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தான். அவள் அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"என்ன சொன்ன?"

"தொள போடக் கூடாதுன்னேன்."

"தொள போடாம இத எப்படி மாட்டுறது?"

"அது எனக்கென்ன தெரியும்? நீங்கதான ஆணிக்கடை வச்சிருக்கீக."

அருஞ்சுனை விரலை எடுத்தான். சுவர் புத்தம் புதிது. பட்டி பார்த்து, இளம்பச்சை அடித்து, இன்னும் வாசம் போகவில்லை. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க அவள் பெயிண்ட் கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"பெயிண்ட்டுக்காகவா சொல்ற? அலமாரிய மாட்டிட்டா தொள வெளியவே தெரியாது."

"பின்னாடி தொள இருக்குன்னு எனக்குத் தெரியும்ல?"

அருஞ்சுனை டிரில்லின் வயரைச் சுற்றி வைத்தான்.

சுவரில் கனமான பொருளை மாட்டுவது பற்றி அருப்புக்கோட்டையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், திருச்சுழி ரோட்டில் இருக்கும் அருஞ்சுனையின் ஹார்டுவேர் கடைக்குத்தான் வருவார்கள். பந்தல்குடி, மல்லாங்கிணற்றிலிருந்துகூட வருவார்கள். போல்ட் கேட்டு வந்தவனிடம் அவன் போல்ட்டை உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டான். முதலில் சுவரைப் பற்றி விசாரிப்பான்.

"மொதல்ல விரல மடக்கித் தட்டிப் பாருங்க. கெட்டியாச் சத்தம் வந்தாச் சரி. டொம்முன்னு கேட்டா, பூச்சு செங்கல்ல விட்டுப் பிரிஞ்சு நிக்கிதுன்னு அர்த்தம். அங்கன போடாதீக. பூச்சுங்கிறது சட்டைதான், செங்கல்தான் ஒடம்பு. தொளைக்குள்ள அடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கு ஒடம்புக்குள்ள போகணும். தொளையில இருக்க தூசிய ஊதி எடுத்துட்டு, பிளக்கச் சுத்தியலால தட்டி எறக்குங்க. விரலால தள்ளுனதும் உள்ள போச்சுன்னா அது நிக்காது. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா இழுத்துப் பாருங்க."

நல்ல வியாபாரி. நல்ல மனிதனும்கூட. குறை என்று சொன்னால் வாய் ஒன்றுதான். காலையில் அவன் காதில் விழுந்த சேதி மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிடும். இந்த வீட்டுக்கு முன்னால் இதைவிட நல்ல இடம் ஒன்றைப் பார்த்திருந்தார்கள். பத்திரம் முடிவதற்குள் சந்தோஷம் தாங்காமல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் சொல்ல, கேட்டவர்களில் ஒருவர் முந்திக்கொண்டு போய் முடித்துவிட்டார். அவர் வீட்டுக் கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் இவன் கடையில்தான் வாங்கினார்.

இப்போதைய சிக்கலும் வாயால் வந்ததுதான்.

வைகாசியில் பால் காய்ச்சியபோது, மாமனார் சோலை எம்.ரெட்டியபட்டியிலிருந்து டிராக்டரில் ஒரு சாமி அலமாரியைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய காட்டு வரப்பில் நின்ற வாகை காற்றில் சாய்ந்துவிட, அதை அறுத்து, காயவைத்து, ஆசாரியைக் கூடவே உட்கார்ந்து செய்ய வைத்தது. கதவு இரண்டிலும் வரிசையாகப் பித்தளை மணிகள். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும்.

"சாமி தரையில ஒக்காரக் கூடாது மாப்பிள்ள. ஒங்க கையாலயே மாட்டுங்க. ஆனி கடைசி ஞாயித்துக்கெழம நாங்க வந்து வெளக்கேத்துறோம்."

"நாலு போல்ட்டு மாமா. காப்பி ஆறுறதுக்குள்ள மாட்டிருவேன்" என்று வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அருஞ்சுனை சொன்னான்.

சோலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் வானத்தை ஒரே மாதிரி பார்க்கிறவர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மருமகனைப் பார்த்து "பரவாயில்ல" என்று ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் அருஞ்சுனைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வரவழைக்கக் கடவுளாகப் பார்த்து அனுப்பிய அலமாரி இது என்று அவன் நம்பினான். நம்பிவிட்டு, கடை வேலையில் நாட்களைக் கடத்திவிட்டான். அலமாரி சாக்கைப் போர்த்திக்கொண்டு ஹாலில் கிடந்தது. இப்போது ஆனி முடியப் போகிறது. கடைசியில் டிரில்லை எடுத்த அன்றைக்குத்தான் இந்தத் தடை.

மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பால் காய்ச்சியபோது பந்தல்காரர்கள் ஹால் சுவரில் அடித்த இரண்டு ஆணிகள் அப்படியே இருந்தன.

"இது ஏற்கனவே இருக்க ஆணிதான? நான் புதுசா எதையும் அடிக்கல."

தங்கச்செல்வி கொஞ்ச நேரம் யோசித்தாள். "சுத்தியல எடுக்க மாட்டீகளே?"

"தொடவே மாட்டேன்."

கடைவேலை பார்க்கும் மாரிச்செல்வமும் இன்னும் இரண்டு பேரும் வந்து தூக்கிக் கொடுக்க, அலமாரி ஆணியில் ஏறியது. அருஞ்சுனை பின்னால் தள்ளி நின்று பார்த்தான். நிற்கிறது.

"அண்ணாச்சி, ஆணி பூச்சுல மட்டுந்தான் இருக்க மாதிரி தெரியுது. சட்டை, ஒடம்புன்னு நீங்கதான சொல்லுவீக?" என்றான் மாரிச்செல்வம்.

"அது கடைக்கு வாரவுகளுக்குச் சொல்றது. ஒதுங்கு."

அவன் ஒதுங்கியதும் அலமாரி இறங்கியது. மணிகளெல்லாம் ஒரே நேரத்தில் குலுங்க, ஆணிகளோடு தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. வாகை மரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுவரில் சிவப்பாகச் செங்கல் தெரிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துவந்து, பெயர்ந்த இடத்தில் பூசி, கண்ணை மூடி நின்றாள்.

திருநீறு பூசிய சுவரை அருஞ்சுனை அன்றுதான் பார்க்கிறான்.

"ஏய், சுவருக்கு ஒண்ணும் ஆகாது. மொக்கையன் கொத்தனார வரச்சொல்றேன். அரைச்சட்டி சிமெண்டுல பூசிருவாரு."

"வேணாம். கொத்து வேல ஒண்ணும் வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

"பெயிண்ட்டு மேல அம்புட்டு ஆசைப்பட்டவ, ஓட்டைய அப்படியே விடச் சொல்றியே?"

"விடுங்கன்னா விடுங்களேன்."

விட்டுவிட்டான். கடைக் காலண்டர் ஒன்றை டேப் போட்டு அந்த இடத்தின் மேல் ஒட்டினான்.

அடுத்து வந்தது பசை. மதுரையிலிருந்து மாதாமாதம் வரும் சேல்ஸ்மேன் ஒருவன் புது டியூப் ஒன்றைக் காட்டி, "ஆணி வேண்டாம், தொள வேண்டாம் அண்ணாச்சி. யானையவே ஒட்டி வைக்கலாம்" என்றான். அருஞ்சுனைக்குக் கண் கலங்காத குறை. பெட்டியோடு வாங்கிக்கொண்டான். அலமாரியின் முதுகு முழுக்கப் பசையைத் தடவி, ஆட்களோடு தூக்கிச் சுவரில் அழுத்தி, பிடிக்கும்வரை இரண்டு ஸ்டூலால் முட்டுக் கொடுத்து, பிறகு ஸ்டூலை நகர்த்தினான். நின்றது. ராத்திரி சாப்பிடும்போதும் நின்றது. "எப்படி?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். தங்கச்செல்வி அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரிக்குக் கீழே பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் படுத்தார்கள்.

விடியும்போது மணிச்சத்தம் கேட்டது.

பசையைக் குறை சொல்ல முடியாது. அது அலமாரியை விடவே இல்லை. பெயிண்ட்டையும் பட்டியையும்கூட விடவில்லை. சுவர்தான் விட்டுவிட்டது. கல்லிலிருந்து தோசையை எடுத்த மாதிரி கதவகலத்துக்கு உரிந்து, மெத்தைமேல் கிடந்த அலமாரியின் முதுகில் இளம்பச்சையாக ஒட்டியிருந்தது.

இதை அவன் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடை திறந்து முதலில் வந்தவரிடமே சொல்லிவிட்டான். மதியம் மல்லாங்கிணற்றிலிருந்து பிளக் வாங்க வந்தவர் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல போட்டது வேணாம். நல்லதா வேற இருந்தாக் குடுங்க."

சாயங்காலம் சோலையிடமிருந்து போன் வந்தது.

"அலமாரி ஏறிருச்சா மாப்பிள்ள?"

"ஏறிக்கிட்டே இருக்கு மாமா."

காட்டில் நிற்கிறார் போல. காற்று சோளத்தட்டையை உரசும் சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தத்தையே அருஞ்சுனை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாட்ட முடியலன்னாச் சொல்லிருங்க. வந்து தூக்கிட்டுப் போயிருறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மல்லாந்து படுத்துக் கிடந்தவன் கண்ணில் ஹால் கூரையில் இருந்த ஊஞ்சல் கொக்கிகள் பட்டன. கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்தவை. அலமாரியோடு அவனும் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். துளை போட வேண்டியதில்லை, சுவரே வேண்டியதில்லை.

காலையில் சங்கிலி வந்தது. அலமாரி ஏறியது. சுவரிலிருந்து எட்டத் தள்ளி, ஹாலுக்கு நடுவே, அந்தரத்தில் தொங்கியது.

தங்கச்செல்வி சாமி படங்களை எடுத்து அடுக்கினாள். கதவைச் சாத்தியதும் அலமாரி மெதுவாக ஆடியது. மணிகள் கிணுகிணுத்தன. வாசல் கதவைத் திறந்தால் ஆடியது. அருஞ்சுனை குனியாமல் நடந்து தலையில் இடித்துக்கொண்டபோது நன்றாகவே ஆடியது.

"எல்லாச் சாமிக்கும் சேத்து ஊஞ்சல் உற்சவம் நடத்திட்டீக" என்றாள். பேன் சுவிட்சைப் போட்டாள். அலமாரி யோசித்து யோசித்துத் திரும்பி, கடைசியில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதுகில் அந்த இளம்பச்சைப் பட்டி.

தங்கச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அருஞ்சுனைக்கு, இந்த அலமாரி இப்படியே தொங்கினால்தான் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் மாமனார் ஞாபகம் வந்தது. இறக்கிவிட்டான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அவளுக்குத் தெரியாமல் துளை போடுவது.

சனிக்கிழமை தங்கச்செல்வி பக்கத்து வீட்டு முத்துத்தாயோடு டவுனுக்குப் போனாள். என்ன ஜோலி என்று கேட்டதற்கு, "பொம்பளைக ஜோலி" என்றாள் முத்துத்தாய். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அருஞ்சுனை மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டான். பெயர்ந்த இடத்தை விட்டுத் தள்ளி, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, கெட்டியான நாலு இடங்களைக் குறித்தார்கள். டிரில்லை வைத்து அழுத்தினான்.

சத்தமே இல்லை.

"கரண்ட் இல்ல அண்ணாச்சி."

"எதிர்வீட்டுல டிவி பாடுதே."

வெளியே போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார்கள். பீஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய்போல வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, இதக்கூடவா திருடுவாங்க?"

"போய் எலக்ட்ரிக் கடையில ஒண்ணு வாங்கிட்டு வா. ஓடு."

மாரிச்செல்வம் திரும்பி வருவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. தங்கச்செல்வி உள்ளே வந்தாள். சுவரில் பென்சில் குறிகளைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து பீஸ் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அருஞ்சுனை அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒனக்குப் பெயிண்ட்டு பெருசா, புருஷன் மானம் பெருசா?"

அவள் கைப்பையை மூடினாள்.

"நாளைக்கு ஒங்கப்பா வந்து நிப்பாக. ஊருக்கே மாட்டிக் குடுக்கிறவன் வீட்டுல சாமி தரையில கெடக்குன்னு பாப்பாக. ஒரு வார்த்த சொல்ல மாட்டாக. சும்மா பாத்துக்கிட்டு நிப்பாக. அந்தப் பார்வைய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் நின்ற முத்துத்தாய் இருமினாள். தங்கச்செல்வி வாயை மூடிக்கொண்டாள். பேன் இல்லாமல் எல்லோருக்கும் வேர்த்தது.

"தை பொறக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க சுவத்த சல்லடையா ஆக்குனாலும் நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

"ஆனியில கேட்டா தையிங்கிற! அதுவரைக்கும் பெயிண்ட்டு காயணுமா?"

ஞாயிற்றுக்கிழமை சோலையும் மாமியார் தங்கம்மாளும் வந்தார்கள். அருஞ்சுனை சுவர் முழுவதையும் பூப்போட்ட போர்வையால் மூடி, மூலைகளை டேப்பால் ஒட்டி, அதன் முன்னால் ஒரு பெஞ்சின் மேல் அலமாரியை ஏற்றி வைத்திருந்தான். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். அப்போது பார்த்துப் போர்வையின் ஒரு மூலை கழன்றது. அடுத்த மூலையும் கழன்றது. போர்வை காலண்டரையும் பிய்த்துக்கொண்டு அவசரமில்லாமல் இறங்கி, அலமாரியின் தலைமேல் முக்காடுபோல் விழுந்தது.

திருநீறு பூசிய பள்ளம், தோலுரிந்த பட்டி, பென்சில் குறிகள் எல்லாவற்றையும் சோலை நிதானமாகப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். அருஞ்சுனை அவசரமாகப் போர்வையின் மூலையைப் பொறுக்கினான்.

"இருக்கட்டும் மாப்பிள்ள" என்றார் சோலை. "இங்கனயே இருக்கட்டும். நல்லாத்தான இருக்கு."

"மாமா, அது வந்து..."

"சாமி எங்க இருந்தாலும் சாமிதான். மாட்டாட்டி என்ன இப்ப?" அதோடு நிற்காமல் அவன் தோளில் கையும் வைத்தார். "நீங்க பரவாயில்ல மாப்பிள்ள."

ஆறு வருஷமாகக் காத்திருந்த சொல். அது இப்படிக் குத்தும் என்று அவன் நினைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றவர் தட்டிக்கொடுக்கிறார் என்றால், மனிதர் அவனைக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டார். கையாலாகாதவனைத்தான் இப்படித் தட்டிக்கொடுப்பார்கள். தங்கம்மாள் வேறு, "ஆமா, இதுதான் கும்புடக் கொள்ளத் தோதா இருக்கு" என்று ஒத்து ஊதினாள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்த அருஞ்சுனை கட்டிலுக்கு அடியிலிருந்து டிரில்லை எடுத்தான். விருந்தாளிக்குப் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பீஸ் கட்டையைப் பிடுங்க முடியாது. குறித்த இடத்தில் மூக்கை வைத்தான். பட்டனை அழுத்தினான்.

டுர்ர் என்று ஒரே ஒரு சத்தம். பச்சைப் பொடி பறக்கும் முன்னால் தங்கச்செல்வி ஓடிவந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். சாம்பார்க் கையோடு வந்த சோலை அவன் மணிக்கட்டைப் பிடித்தார். தங்கம்மாள் ப்ளக்கைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"விடுங்க மாமா! பத்து நிமிஷ வேல!"

"வேணாம் மாப்பிள்ள."

"ஏன் வேணாம்? ஒரு காரணம் சொல்லுங்க. இந்த ஊருல நான் தொள போடச் சொல்லாத சுவரு இல்ல. என் வீட்டுச் சுவத்துல மட்டும் நான் தொள போடக் கூடாதா? அப்படி என்ன இருக்கு இந்தச் சுவத்துல?"

சோலை மனைவியைப் பார்த்தார். தங்கம்மாள் மகளைப் பார்த்தாள். தங்கச்செல்வி தரையைப் பார்த்தாள். மாமனார் பிடித்த பிடியை விடவில்லை. கோபம் என்று அருஞ்சுனை நினைத்தான்.

டிரில் சத்தம் கேட்டு ஓடிவந்த முத்துத்தாய் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு, இனிமேல் தன்னால் ஆகாது என்பதுபோல இடுப்பில் கையை ஊன்றினாள்.

"மாசமா இருக்கவ வீட்டுல எவனாச்சும் சுவத்துல தொள போடுவானாப்பா? மூணு மாசம் முடியாம ஒன் காதுல விழுந்தா நீ ஊருக்கே சொல்லிருவன்னு, இந்தத் தெருவே ஒனக்காகத்தான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கு!"